ஊருக்குச் சொன்ன அறிகுறிகள்

இளம் டாக்டர்களே, உங்களில் பாதிப் பேர் இந்தக் கடற்கரைக்கு மாற்றலாகி வந்த வருத்தத்தில் இருப்பீர்கள். மீதிப் பேர் வந்த பிறகும் உப்புக் கரிக்காத தண்ணீர் வரும் வீடு கிடைக்காத வருத்தத்தில் இருப்பீர்கள். இரண்டும் போகப் போகப் பழகிவிடும். நான் இங்கே டாக்டராக வேலை பார்த்து ஓய்வு பெறும்வரை எனக்குப் பழகாத ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இந்தப் பக்கத்து மனிதர்கள் ரத்தத்துக்குப் பயந்தவர்கள் அல்லர். மீன் முள் ஏறிய கையோடு வருவார்கள். உப்பளத்தில் காலை வெட்டிக்கொண்டு, அழுக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தால் தெருவே திரண்டு கூட்டி வரும். ஓர் இடத்திலிருந்து வந்தால் மட்டும் யாரும் வர மாட்டார்கள். அதற்கு ஊரே சேர்ந்து ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டது: மூலம். மூலத்துக்குக் காரணம் சூடு. சூட்டுக்குக் காரணம் கோழிக்கறி, அல்லது பஸ் சீட்டு, அல்லது சவுதி. வைத்தியமும் கைவசம் உண்டு. நுங்கு, இளநீர், துத்திக்கீரை. அதற்கும் அடங்கவில்லையென்றால், சாயல்குடியிலிருந்து வாலிநோக்கம்வரை சுவருக்குச் சுவர் எழுதியிருக்கிறது, ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று. டாக்டர் இல்லாமலே கண்டுபிடிக்கப்பட்டு, டாக்டர் இல்லாமலே குணப்படுத்தப்படும் நோய் அது ஒன்றுதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஊர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுகிறது. பெரும்பாலும் மூலம்தான். மீதிப் பேரைத்தான் நாம் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம், பெரும்பாலும் தாமதமாக.

நைனா முகமது அந்த மீதிப் பேரில் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஒரு மைக் செட்டும் இரண்டு கூம்பு ஸ்பீக்கரும் வாங்கி, விளம்பரத் தொழில் தொடங்கியிருந்தார். நகைக்கடைத் திறப்பு, குடிநீர் வராத நாள், ஜனாஸா என்னும் இறுதிச் சடங்கு அறிவிப்பு, கோவில் கொடை எல்லாமே அவர் குரல்தான். கனமான, நிதானமான குரல். அவர் அறிவித்தால் தள்ளுபடி விற்பனைக்குக்கூட ஒரு மரியாதை வந்துவிடும். முனியசாமி என்பவருடைய ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்.

ஒரு முறை எங்கள் மருத்துவமனையில் குடல் நோய்க்கு முகாம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அறிவிப்பு வாசகத்தை நானே எழுதினேன். நைனாவை வரவழைத்துக் கையில் கொடுத்தேன். வெளியே புறநோயாளிகள் கூட்டம். அறைக்குள் இரண்டு நர்சுகள். அவர் முதல் வரியைப் படித்ததுமே தாளை மேசையில் வைத்துவிட்டார்.

"டாக்டரம்மா, இத பஜார்ல சொல்ல முடியாது."

"எதை?"

"இந்த... 'மலத்தில் ரத்தம்'. முத வார்த்தையே இப்புடி இருந்தா எப்புடி? ஒரு பக்கம் பள்ளிவாச, ஒரு பக்கம் பிள்ளையார் கோவிலு. நடுவுல ஓட்டல்ல ஆளுக சாப்புட்டுக்கிட்டு இருப்பாக."

"வேற எப்படிச் சொல்றது?"

கொஞ்சம் யோசித்தார். "'வெளிக்குப் போகும்போது ரத்தமா'ன்னு போடுவோம். மரியாதையா இருக்கும், புரியவும் செய்யும்."

நான் ஒப்புக்கொண்டேன். நான் எழுதியதைவிட அதுதான் நல்ல தமிழ். அதன்பிறகு அவர் வாசகத்தைச் சீர்திருத்த ஆரம்பித்தார். ரத்தம் என்றால் என்ன நிறம் என்று போட வேண்டாமா? கொஞ்சமாக, எப்போதாவது வந்தால் அது கணக்கில் வருமா? மூலத்து ரத்தத்துக்கும் இதற்கும் ஆள் தானாகவே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா? போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது மாதிரியே இருந்தால், அது வாயுவா?

நகைக்கடை வாசகத்தைத் திருத்தும்போது அவர் தங்கத்தின் தன்மையைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஆணியால் துளை போட்டிருந்தார். நாற்காலியின் ஓரத்தில், ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்.

"யாருக்காகக் கேட்கிறீங்க நைனா?" என்றேன்.

நர்சுகள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு கதவு மூடியது. "ஊருக்காகத்தான், டாக்டரம்மா. நமக்கென்ன, நாம கல்லு மாதிரி இருக்கோம்."

அந்த இடத்தில் நான் மேலும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவர் அப்படியே எழுந்து போயிருப்பார், திரும்பியும் வந்திருக்க மாட்டார். அதனால், "ஊரில் யாருக்காவது அப்படி இருந்தா, மதியத்துக்கு மேல கூட்டம் இருக்காது, அப்ப வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த அறிவிப்பு பெரிய வெற்றி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்து, நைனாவின் குரலிலேயே "வெளிக்குப் போகும்போது ரத்தமா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தன. முகாமுக்குக் கூட்டம் அலைமோதியது. மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள். சர்க்கரை பார்க்க வந்தார்கள். கண்ணாடி இலவசமாகத் தருகிறார்களா என்று கேட்டு வந்தார்கள். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெரியவர் காது கேட்காததற்காக வந்திருந்தார். அறிவிப்பு அவர் காதில் எப்படி விழுந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் வெளிக்குப் போகும்போது ரத்தம் வரும் மனிதர் ஒருவரும் இல்லை என்று அன்று மாலைவரை நிரூபணமாகிக்கொண்டே இருந்தது.

நைனா வாசலில்தான் நின்றார். ஆட்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்பினார். அவர் மட்டும் உள்ளே வரவில்லை.

முதுகு வலி என்று ஆட்டோக்காரர் முனியசாமி வந்தார். அவருக்கு முதுகைவிட மனத்தில்தான் வலி அதிகம்.

"என்னத்த சொல்ல, டாக்டரம்மா. வழக்கமா இங்கன ஏறுனா வாலிநோக்கம் போயி ஒரே சுத்தா திரும்பிருவோம். இப்ப நைனா பாய் ரூட்ட மாத்திட்டாக. பெட்ரோல் பங்கு இருக்கணும், இல்லாட்டி பள்ளிவாச இருக்கணும். வழியெல்லாம் கக்கூஸ் பாத்துத்தான் வண்டி போகுது. அவுக உள்ள போயிருவாக, நான் வெளிய நிப்பேன். செல்லுல பதிஞ்சு வச்ச சத்தம் அதுபாட்டுக்கு ஓடும். போறவன் வாரவனெல்லாம் என்னயப் பாத்துச் சிரிக்கிறான்."

அவர் குறையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. ஸ்பீக்கரில் நைனாவின் குரல் ஊரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், அந்த ஆள் அதே கேள்விக்கான பதிலோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

அன்று என்னோடு ஓர் இளம் டாக்டர் பணியில் இருந்தார். உங்களைப் போலவே கெட்டிக்காரர், உங்களைப் போலவே களைத்திருந்தவர். நைனாவைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது. "மயக்கமா வருதுன்னு வந்தாரு மேடம். ரத்தம் குறைஞ்சிருந்துச்சு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன்."

"ஏன் குறைஞ்சுது?"

"சாப்பாடு சரியில்லாம இருக்கும், மேடம்."

நான் ஜன்னல் வழியாக வாசலைக் காட்டினேன். "அந்த ஆளு வீட்டில் வாரத்துல பாதி நாள் ஆட்டுக்கறி, மீதி நாள் மீன். ஆம்பளைக்கு ரத்தம் குறைஞ்சா, மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி, ரத்தம் எங்க போகுதுன்னு கேட்கணும்ல?"

அவர் முகம் வாடியது. அதோடு விட்டுவிட்டேன். அவர் எனக்குத் தேவைப்பட்டார், அன்றே.

இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நைனாவின் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு போன் போட்டால் காரியம் முடிந்துவிடும். ஆனால் நைனா தம்மைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, நான் எதைப் போய்ச் சொல்வது? வாசலில் போய்க் கூப்பிட்டால், ஊர் பார்க்க அவருடைய ரகசியத்தை நானே ஸ்பீக்கர் வைத்துச் சொன்ன மாதிரி. கூட்டம் கலைந்ததும், வாசகத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது என்று ஆள் அனுப்பினேன். தொழில் என்றதும் உடனே வந்தார். நர்சுகளை அனுப்பிவிட்டு, இளம் டாக்டரை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

"நைனா, இந்தத் தாளை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நிறுத்துங்க. ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்விடுவாரோ என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கம், பாருங்கள்; தாள் கைக்கு வந்தால் அவருக்கு அந்தக் கம்பீரக் குரல் தானாக வந்துவிடும்.

"வெளிக்குப் போகும்போது ரத்தமா?"

அறை அதிர்ந்தது. பிறகு, மிக மெதுவாக, "ம்" என்றார். உடனே, "அது மூலம்தான், டாக்டரம்மா. சூடு. இப்ப நின்னும் போச்சு. மாத்திரை சாப்புட்டதுலருந்து கருப்பாத்தான் போகுது."

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும். நாம் கொடுத்த மாத்திரை, அவர் பார்க்க வேண்டியதை அவரிடமிருந்தே மறைத்துக்கொண்டிருந்தது. இளம் டாக்டர் தரையைப் பார்த்தார்.

"அடுத்த வரி."

"அடிக்கடி போகத் தோன்றுகிறதா? போன பிறகும் முழுமையாகப் போகாத உணர்வா?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆமா."

"அடுத்தது."

"மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி... ஆமா. காரணமில்லாமல் உடல் இளைக்கிறதா..." தாளை மடியில் வைத்துவிட்டார். மீதியை அவர் படிக்கவில்லை. அவருக்குத்தான் மனப்பாடமாயிற்றே. "எல்லாம் தெரியும், டாக்டரம்மா. மத்தவுகளுக்குத்தான்னு நெனச்சேன்."

சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். பொம்பளை டாக்டரிடமா என்று பதறினார். நான் வெளியே போகிறேன், இவர் பார்ப்பார் என்று இளம் டாக்டரைக் காட்டினேன். ஒரு கையுறை, ஒரு விரல், ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை. நீங்கள் எல்லோரும் படித்ததுதான். வரிசை நீளமாக இருக்கிறது, மறைப்புத்துணி இல்லை, நோயாளிக்குச் சங்கடம் என்று சொல்லி நாம் எல்லோரும் தள்ளிப்போடுவதும்தான். உண்மையில் சங்கடம் யாருக்கு என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

இளம் டாக்டர் வெளியே வந்தபோது கையுறையைக் கழற்ற மறந்திருந்தார். "மேடம், கட்டி இருக்கு. கெட்டியா, விரலுக்கே எட்டுது" என்றார். இத்தனை நாளும் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

மதுரைக்கு அனுப்பினோம். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். வேறு உறுப்புக்குப் பரவவில்லை. முதலில் கதிர் சிகிச்சையும் மருந்தும், பிறகு ஆபரேஷன். ஆசனவாயை ஒட்டி இருந்ததால் வயிற்றில் வழி வைத்து, மலம் சேரப் பை பொருத்த வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பிய நைனா, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, ஆயுளின் மேல் பாரத்தைப் போட்டு, "ஹயாத்து இருந்தா இருப்போம்" என்றார். தம் வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் கழித்து அவர் மனைவி ஜமீலா வந்தார். ஒல்லியான, வேகமாகப் பேசும் பெண். உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"அவுகளுக்கு என்னான்னு நீங்க சொல்ல வேணாம். சொல்லக்கூடாதாமே, சட்டம் இருக்காமே. நான் சொல்றேன், நீங்க கேட்டுக்கங்க." முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "அவுக கைலியத் தொவைக்கிறவ நான். எனக்குத் தெரியாமப் போகுமா? போன நோம்புக்கு முன்னாடியே தெரியும். கேட்டா சங்கடப்படுவாகன்னு கேக்கல. அன்னையிலருந்து வாரம் தவறாம துத்திக்கீரை வதக்கி வைக்கிறேன். அவுகளும் எதுக்கு இந்தக் கீரைன்னு ஒரு வார்த்த கேக்கல, தின்னுட்டுத் தின்னுட்டுப் போறாக."

ஒரே தட்டின் இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்து, ஒருவர் எதற்கென்று சொல்லாமல் பரிமாற, இன்னொருவர் எதற்கென்று கேட்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அன்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அந்த அன்பு, உள்ளே ஒரு கட்டி வளர்வதற்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுத்திருக்கிறது.

"நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க" என்றேன்.

மறுநாள், இரவோடு இரவாக எல்லாவற்றையும் சொல்ல வைத்து, அவர்தான் நைனாவை இழுத்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தியதும் நைனாவிடம் நேராகக் கேட்டேன். "பயம் ஆபரேஷனுக்கா?"

ஊருக்கெல்லாம் சொன்ன குரல், வெளியே வர மறுத்தது. "பைய வச்சிக்கிட்டு..." என்று தொடங்கி நிறுத்தினார். "ஒளு நிக்காதுல்ல, டாக்டரம்மா. சுத்தமில்லாம பள்ளிக்குள்ள எப்புடி நிக்கிறது? தொழுகை இல்லாம நான் பொழச்சுக் கெடந்து என்ன செய்ய?"

கண்மாய்க்கரை விவசாய வீட்டில் பிறந்த எனக்கு, தொழுகைக்கு முன் கை கால் கழுவுவதுதான் ஒளு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி ஆறுதல் சொல்லாமல் இருந்தது மட்டும்தான் அன்று நான் செய்தது. "பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டீங்களா?" என்றேன்.

"இதப் போயி அவுககிட்ட எப்புடிக் கேக்குறது?"

"அம்புட்டுதானா?" என்றார் ஜமீலா. செல்லை எடுத்தார். நைனா, "வேணாம், ஜமீலா, வேணாம்" என்று தடுக்கத் தடுக்க, பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்துவிட்டார். ஸலாம் சொன்னார். எங்க வீட்டுக்காரவுகளுக்குக் குடலில் புற்று, வயிற்றில் பை வைப்பார்களாம், தொழுகை கூடுமா கூடாதா, என்று ஒரே மூச்சில் கேட்டு ஸ்பீக்கரைப் போட்டார். நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹஜ்ரத் வயதானவர். நிதானமாகப் பேசினார். "நோயாளிக்கு மார்க்கத்துல எடம் இருக்கும்மா. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சுக்கிட்டுத் தொழுதுக்க வேண்டியதுதான். தாராளமாக் கூடும். உசுரக் காப்பாத்துறதும் கடமைதான். நைனா பக்கத்துல இருக்காகளா?"

ஜமீலா செல்லை அவர் பக்கமாக நீட்டினார்.

"நைனா, எங்க சின்னத்தா மௌத்தாகுறவரைக்கும் வயித்துல பையோடதான் தொழுதாக. முன் வரிசையில."

நைனா துண்டை இறக்கினார். "அவுகளா? அவுக பக்கத்துலதான நான் நின்னு தொழுவேன். ஒண்ணும் தெரியலையே, ஹஜ்ரத்து."

"தெரியாமத்தான் வச்சிருந்தாக" என்றார் ஹஜ்ரத்.

எத்தனை பேர் எத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நைனா என் எதிரே ஓராண்டு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பார்.

அதன்பிறகு நடந்தது எளிதாக இல்லை. மதுரையில் கதிர் சிகிச்சை அவரை உருக்கி எடுத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பையைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். ஜமீலாதான் நர்சிடம் கற்றுக்கொண்டு மாற்றினார். துபாயிலிருந்த மகன் விடுப்பில் வந்து கூட இருந்தான். வாப்பாவுக்கு இந்த நோய் இருந்ததால் உனக்கும் பரிசோதனை வேண்டும் என்று நான் அவனிடம் சொன்னபோது, "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் சூடுதான்" என்றான். ஜமீலா அவனைப் பார்த்த பார்வையில், மறுநாளே குழாய் பரிசோதனைக்குப் போய்ப் படுத்தான். அவனுக்கு உண்மையிலேயே மூலம்தான். இருந்தாலும் போய்ப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடிந்தது.

நைனா பிழைத்துக்கொண்டார். மறுபடியும் ஆட்டோவில் ஏறினார். தம் கதையை மைக்கில் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு முறை கேட்டும் பார்த்தேன். "அது வேணாம், டாக்டரம்மா. மைக்குல சொன்னா ஊரு கேக்கும், யாரும் வர மாட்டாக" என்று சொல்லிவிட்டார். அனுபவசாலி.

ஆனால் அதற்குப் பிறகு, மதியத்துக்கு மேல், கூட்டம் குறைந்த வேளையில் ஆண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளி, சாயல்குடியில் பனங்காடு வைத்திருக்கும் நிலக்காரர், வலை பின்னும் ஆள், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். என்ன செய்கிறது என்று நர்ஸ் கேட்டால் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நைனா பாய் அனுப்புனாக" என்பார்கள். அவ்வளவுதான். டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் அவர் யார் யாரிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வந்தவர்களில் பலருக்கு மூலம்தான் இருந்தது. விரல் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டவர்களைக் குழாய் பரிசோதனைக்கும் அனுப்பி, அதற்குப் பிறகுதான் அவர்களிடம் அதைச் சொன்னேன். ஒரு சிலருக்கு வேறாக இருந்தது. அவர்கள் சீக்கிரம் வந்துவிட்டவர்கள்.

நைனா இப்போதும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு மதியம், காரணம் சொல்லத் தெரியாமல் ஓர் ஆள் உங்கள் முன்னால் வந்து நின்று அந்தப் பெயரைச் சொன்னால், எல்லோர் காதிலும் விழும்படி "என்ன செய்யுது?" என்று கேட்டுவிடாதீர்கள். முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்துங்கள்.